வெள்ளைத் தேனில் இரட்டை மேடு

அட்-பாஷி, ஆகஸ்ட் 9

ஜூரா,

இரண்டு வருடமாக உன்னோடு பேசாதவள் எழுதுகிறேன் என்றால் தேவை என்னுடையது. அதை மூடி மறைத்து நலம் விசாரிக்க எனக்கு வராது. உன் ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், “வாடிக்கையாளர் பேச்செல்லாம் எழுத்துலதாங்க. கோப்புல சேரணும்” என்றாள். உன் சொந்த நம்பருக்கு அடிக்க மனம் வரவில்லை. பிஷ்கெக் வேன் ஓட்டும் எசெனிடம் இதைக் கொடுக்கிறேன்.

என் பீப்பாய்த் தேனில் ஸ்ட்ரெப்டோமைசின் இருக்கிறதாம். உன் கையெழுத்தோடு காகிதம் வந்தது. மாட்டுக்கு ஊசி போடுகிற அந்த மருந்துக்குத் தேனில் என்ன வேலை? வெளிநாட்டுக்கு அனுப்புகிறவரின் ஆள் காகிதத்தைப் பார்த்தான், தொப்பியைத் தலையில் வைத்தான், போய்விட்டான். துளி இருந்தாலும் வேண்டாமாம்.

எங்களுடையதையும் சேர்த்துப் பதினொரு பேர் தேன், ஒரே தொட்டியில் விட்டுக் கலந்து அடைத்தது. அதில் மருந்தைப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். ஷர்ஷென். மூன்று வருடம் முன்பு தோக்தோகுல் பக்கமிருந்து தேனீப் பெட்டிகளோடு வந்தானே, அவன். போன வாரம் அவன் வண்டிக்குள் ஒரு தகர டப்பா நிறைய வெள்ளைப் பொடி பார்த்தேன். கேட்டேன்.

“பொடிச்ச சர்க்கரைக்கா. தேனீ மேல தூவினா உண்ணி உதிர்ந்துடும்.”

பக்கத்தில் நின்ற, எனக்குத் தேன் தருகிற தோக்தோசுன் சிரித்தான். “சர்க்கரையாம். நாளைக்கு உப்புன்னு சொல்லுவான், நாளன்னைக்கு பல்பொடின்னு சொல்லுவான்.” தோக்தோசுன் பேச்சு எப்போதும் அப்படித்தான். ஆனால் அன்று எல்லோருக்கும் அதுதான் சரியாகப் பட்டது. எனக்கும்.

எடை முற்றத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: உன் தேன் இனி என் தொட்டியில் விழாது, வெள்ளைத் தேன் தருகிற எங்கள் எஸ்பர்செட் பூ வயலில் உன் பெட்டி நிற்காது. அவன் அறுபது பெட்டியை ஏற்றிக்கொண்டு மலைக்கு அந்தப்புறம், காரா-கோயுனுக்குப் போய்விட்டான். டப்பாவை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியது உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி. மருந்து ஷர்ஷென் தேனிலிருந்து வந்தது என்று. அது கையில் இருந்தால் மற்ற பத்துப் பேர் பெயரையும் நான் காப்பாற்றிவிடுவேன்.

புருல்சா


பிஷ்கெக், ஆகஸ்ட் 13

அண்ணிக்கு,

எசென் உங்கள் கடிதத்தைக் கொடுக்கும்போது, “உங்க அண்ணி எச்சில் தொட்டு ஒட்டலை, கோந்து போட்டு ஒட்டியிருக்காங்க. கோவம் பலமா இருக்கும் போல” என்றார். கத்தரிக்கோல் வைத்துத்தான் திறந்தேன்.

நீங்கள் கேட்கும் வரியை என்னால் எழுத முடியாது. நான் பார்த்தது பீப்பாயை. பதினொரு பேர் தேன் கலந்த பிறகு, அதில் எந்தத் துளி யாருடையது என்று எந்தக் கருவியும் சொல்லாது. என் காகிதம் பீப்பாயைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. ஷர்ஷென் என்ற பெயரே அதில் இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து ஒரு ஆளை வயலிலிருந்து அனுப்பிவிட்டீர்கள். அறுபது பெட்டி என்றால் அவருக்கு அதுதான் எல்லாம்.

ஒரு வழி இருக்கிறது. வாங்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு சிறிய ஜாடி தனியாக எடுத்து வைப்பீர்களே, கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியில். அந்தப் பழக்கம் இன்னும் உண்டு என்று நினைக்கிறேன். பதினொன்றையும் அனுப்புங்கள். மேலே பெயர் வேண்டாம், எண் மட்டும் எழுதுங்கள். எந்த எண் யாருடையது என்பது உங்கள் நோட்டில் இருக்கட்டும். பெயர் தெரிந்தால் கை சாயும். சாயவில்லை என்றாலும் சாய்ந்தது என்பார்கள். அண்ணன் தேன் என்று தெரிந்தே ஒருமுறை பார்த்தேன், சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறது என்று எழுதினேன். அதற்குப் பிறகு அம்மாவின் நினைவு விருந்தில் அவரவர் தகுதிப்படி இறைச்சி எலும்பைப் பங்கிட்டபோது என் தட்டில் விழுந்தது எந்த வரிசைக்கு உரியது என்று எனக்குத் தெரியும், அண்ணி. விருந்தாளிகளோடு வந்த குழந்தைகளுக்குத் தருவது. வீட்டு மகளுக்குத் தருவதில்லை.

இதை எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், அடித்தால் கோப்பில் அசிங்கமாக இருக்கும்.

டப்பாவையும் அனுப்புங்கள்.

ஜூரா


அட்-பாஷி, ஆகஸ்ட் 17

ஜூரா,

பதினொரு ஜாடி, ஒரு டப்பா. எல்லாவற்றையும் கம்பளியில் சுற்றி எசென் காலடியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். வழியில் திறந்து நக்கிப் பார்க்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். “மருந்துத் தேனை நக்கினா எனக்கு மூட்டுவலி போயிடுமா அக்கா?” என்று கேட்கிறான்.

எலும்பைப் பங்கிட்டது உன் அண்ணன் கெரிம்பெக். நான் அடுப்படியில் இருந்தேன். ஆனால் பார்த்தேன், தடுக்கவில்லை. அதுவும் கோப்பில் சேரட்டும்.

இப்போது வேறு விஷயம். உன் காகிதத்தோடு ஒரு படம் இருந்ததே, கோடு நேராகப் போய் மேடு ஏறி இறங்குகிற படம். நான் படிக்காதவள், சரக்கைக் கண்ணால் பார்த்து வாங்கிப் பழகியவள். அதனால் படத்தையும் அப்படியே பார்த்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் என்று நீ அம்புக்குறி போட்ட இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. சரி. அதற்கு முன்னால், கோட்டின் தொடக்கத்தில், இன்னொரு மேடு இருக்கிறதே, அது என்ன? அதற்கு அம்பும் இல்லை, பெயரும் இல்லை. நம் ஊர் ஒட்டகத்துக்கு இரண்டு திமில் சரி. ஒரே மருந்துக்கு எதற்கு இரண்டு?

தோக்தோசுனிடம் காட்டினேன். “அது ஷர்ஷென் சொன்ன பொய், இது அவன் சொல்லப் போற பொய்” என்றான். அவனிடம் காட்டியது என் தப்பு.

அந்தக் கருவி எப்படிப் பிரிக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. எனக்கு ஒரு சரக்கு விற்கிறவன் அது எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் நான் வாங்குவதில்லை. உன் சொல்லும் எனக்குச் சரக்குதான். கருவி தப்புச் சொல்லியிருந்தால் தேன் முழுக்கத் தப்பித்தது.

புருல்சா


பிஷ்கெக், ஆகஸ்ட் 20

அண்ணிக்கு,

ஜாடிகள் உடையாமல் வந்தன. ஏழாம் ஜாடியின் மூடி ஓரம் மட்டும் பிசுபிசுப்பாக இருந்தது. எசெனை நான் எதுவும் கேட்கவில்லை.

கருவியைப் பற்றி எழுதுகிறேன். நடுவிரல் நீளத்துக்கு ஒரு எஃகுக் குழாய். உள்ளே மாவைவிட மெல்லிய வெள்ளைப் பொடி இறுக்கி அடைத்திருக்கும். மணல் எந்த இனமோ அதே இனம். அதன் வழியாக ஒரு திரவத்தை அழுத்தி ஓட விடுவோம். பெரும்பகுதி அசிட்டோநைட்ரைல் என்கிற கரைப்பான், கொஞ்சம் தண்ணீர். இந்தப் பொடி தண்ணீரை விரும்பும். ஓடுகிற திரவத்திலிருந்து தண்ணீரைப் பிடித்துத் தன் மேல் மெல்லிய படலமாகப் போர்த்திக்கொள்ளும்.

இப்போது தேனிலிருந்து எடுத்த சாற்றை உள்ளே விட்டால், தண்ணீர் பிடிக்காத பொருட்கள் திரவத்தோடு சேர்ந்து ஓடி முதலில் வெளியே வந்துவிடும். தண்ணீர்ப் பிரியமானவை அந்தப் படலத்துக்குள் இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். எவ்வளவு பிரியமோ அவ்வளவு தாமதம். ஸ்ட்ரெப்டோமைசின் பெரிய தண்ணீர்ப் பிரியன், அதனால் கடைசி ஆட்களில் ஒன்றாக வரும். மற்ற ஆய்வுகளுக்கு வைத்திருக்கும் சாதாரணக் குழாயில் இது நிற்கவே நிற்காது, சர்க்கரையோடு சர்க்கரையாக ஓடிவிடும். அதற்காகத்தான் இந்தக் குழாய். நாங்கள் இதை ஹிலிக் என்போம். குழாயின் கடைசியில் எடை பார்க்கும் கருவி இருக்கிறது. வெளியே வருகிறவர் சரியான எடை உள்ளவர்தானா என்று அது பார்க்கும்.

முன்மேடு பற்றிக் கேட்டீர்கள். முதலில் வருவது பெரும்பாலும் தேனின் மற்ற குப்பை. அப்படித்தான் நினைத்து விட்டுவிட்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு எடுத்துப் பார்த்தேன். எடைக் கருவி முன்மேட்டுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் எடைதான் காட்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றே. ஒரே ஆள் ஒரே வாசலில் இரண்டு தடவை வந்திருக்கிறார். எப்படி என்று தெரியவில்லை. பதினாறு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன், அண்ணி. தெரியவில்லை என்று எழுதுவது சுலபமாக இல்லை.

ஜூரா


அட்-பாஷி, ஆகஸ்ட் 23

ஜூரா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை சிரித்துவிட்டேன். நீ சொல்வது நம் வேன் கதைதானே?

டோலோன் கணவாயில் சாலையோரம் வரிசையாகக் கூடாரம் போட்டுக் குமிஸ் விற்கிறார்கள். வேனில் ஏறுகிறவர்களில் அந்தப் புளித்த குதிரைப்பால் பிடிக்காதவன் இறங்கவே மாட்டான், நேராக ஊர் போய்ச் சேருவான். பிடித்தவன் ஒவ்வொரு கூடாரத்திலும் இறங்குவான், ஒரு கிண்ணம் குடிப்பான், அடுத்த வேனில் ஏறுவான், மறுபடி இறங்குவான். உன் அண்ணனோடு ஒருமுறை பிஷ்கெக் வந்தபோது காலையில் கிளம்பி மறுநாள் வந்தோம். ஸ்ட்ரெப்டோமைசின் என்பது கெரிம்பெக். சரியா?

சரி என்றால் என் கேள்வி இது. கெரிம்பெக் ஏறுகிற வேனிலேயே ஒரு தோல்பை நிறையக் குமிஸ் இருந்தால், அவர் எந்தக் கூடாரத்தில் இறங்குவார்? உட்கார்ந்த இடத்திலேயே குடித்துக்கொண்டு நேராக ஊர் போய்விடுவார். அதே வேனில் பின்சீட்டில் பை எட்டாமல் உட்கார்ந்த இன்னொரு கெரிம்பெக் இருந்தால் அவர் மட்டும் இறங்கி இறங்கித் தாமதமாக வருவார். ஆள் ஒன்றுதான், இரண்டு நேரத்தில் வந்து சேருவார்.

மருந்தைக் குழாய்க்குள் விடும்போது நீ எதில் கரைத்து விட்டாய்?

எசெனிடம் இதைச் சொன்னேன். “அக்கா, என் வேன்ல குமிஸ் ஏத்தினா நாத்தம் போக ஒரு வாரம் ஆகும், அதையும் எழுதுங்க” என்றான். எழுதிவிட்டேன்.

இங்கே கெரிம்பெக் இதைக் கேட்டுவிட்டு, “உங்க ரெண்டு பேருக்கும் பேச நான்தான் கிடைச்சேனா” என்றார். உன் பெயரை அவர் நேராகச் சொல்லவில்லை. ஆனால் ‘உங்க ரெண்டு பேருக்கும்’ என்றாரே, அதில் நீயும் இருக்கிறாய்.

புருல்சா


பிஷ்கெக், ஆகஸ்ட் 27

அண்ணிக்கு,

தண்ணீரில்.

அசிட்டோநைட்ரைல் அல்மாட்டியிலிருந்து வர வேண்டியது தாமதமாகிவிட்டது. இருப்பதைக் குழாய்க்கென்று மிச்சம் பிடித்தேன். தேனைச் சுத்தம் செய்து உலர்த்திய பிறகு, கடைசியில் சாற்றைக் கரைக்கத் தண்ணீரை எடுத்தேன். இந்த மருந்து தண்ணீரில் சுலபமாகக் கரையும், கை அதற்குத்தான் போகும். சாதாரணக் குழாயில் அது குற்றம் இல்லை. இந்தக் குழாயில் அதுதான் பெரிய குற்றம். சாற்றோடு போன தண்ணீர் மருந்தில் கிட்டத்தட்டப் பாதியைச் சுமந்துகொண்டு நிற்காமல் ஓடிவிட்டது, மீதி மட்டும் ஒழுங்காக நின்று வந்தது. மாணவிகளுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அதை வேனில் வைத்து நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள்.

பீப்பாய்த் தேனை மறுபடி பார்த்தேன். இந்த முறை பெரும்பகுதி அசிட்டோநைட்ரைலில் கரைத்தேன். ஒரே மேடு, கூர்மையாக, அதன் இடத்தில்.

இனி எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது. போன முறை பின்மேட்டை மட்டும்தான் கணக்கில் எடுத்திருந்தேன். முன்னால் ஓடிப்போனதைச் சேர்க்கவில்லை. இப்போது எல்லாம் ஒன்றாக வந்ததால் அளவு கூடியிருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பழைய காகிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். என் தவறு என்று காரணத்தோடு எழுதிப் புதியது இணைத்திருக்கிறேன்.

டப்பா: சர்க்கரை. சர்க்கரைகளும் தண்ணீர்ப் பிரியர்கள்தான், அவற்றுக்கும் இதே வகைக் குழாய் உண்டு. அதில் விட்டுப் பார்த்தேன். நாம் தேநீரில் போடுகிற சர்க்கரை. மருந்தின் இடத்தில் கோடு தரையோடு படுத்துக் கிடக்கிறது. ஷர்ஷென் அந்த டப்பாவைப் பற்றிச் சொன்னது உண்மை.

பதினொரு ஜாடிக்கு ஒரு வாரம் வேண்டும். குழாயைக் கழுவி, தண்ணீர்ப் படலம் மறுபடி நிலைக்கும்வரை காத்திருந்துதான் தொடங்க முடியும். அவசரப்பட்டால் மேடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும், யார் எங்கே வருகிறார் என்றே தெரியாது.

ஜூரா


அட்-பாஷி, ஆகஸ்ட் 30

ஜூரா,

வாயைத் திறந்து கேள்வி கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பரிசு இரண்டு மடங்கு. நல்லது. என்னிடம் குறைத்து நிறுக்கவும் வேண்டாம், கூட்டி நிறுக்கவும் வேண்டாம்.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன். டப்பாவில் சர்க்கரை இருந்தால் தேனில் மருந்து அவன் போடவில்லை என்று ஆகாது. இன்னொரு டப்பா வைத்திருக்கலாம். இதை எழுதும்போதே என் கை கொஞ்சம் நின்றது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

காரா-கோயுனிலிருந்து வந்த ஆட்டுக்காரன் ஒருவனிடம் விசாரித்தேன். அங்கே ஷர்ஷெனுக்கு ‘மருந்துக்காரன்’ என்று பெயர் விழுந்துவிட்டதாம். மூன்று இடத்தில் பெட்டி இறக்க விடவில்லை. இப்போது ஆற்றங்கரைக் கல்மேட்டில் நிற்கிறானாம், பூ எதுவும் இல்லாத இடம். தேன் கேட்டுப் போகிற ஒருவனும் இல்லை. “பொண்டாட்டி தம்பி வீட்டுக்குப் போயிட்டா. இவன் மட்டும் பெட்டிங்களோட உட்கார்ந்திருக்கான்” என்றான். அந்தப் பெயரை அங்கே யார் கொண்டுபோனார்கள் என்று கேட்டேன். “நீங்கதானேக்கா சொன்னீங்க, எல்லார் முன்னாடியும்” என்றான். ஆமாம்.

இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் பாகு ஊற்றியது எனக்குத் தெரியும். நீ எழுதுவதற்கு முன்பே தெரியும். பானை என்னுடையது, அடியில் ஒட்டியதைச் சுரண்டியது நான். மழை பெய்த வருடம், பூ இல்லை, பயந்துவிட்டார். உன்மேல் கோபப்படுவது எனக்கு வசதியாக இருந்தது, அவரோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டுமே.

ஜாடிகளைச் சீக்கிரம் பார். அவசரப்படாதே என்றும் சொல்கிறேன். இரண்டையும் எப்படிச் செய்வாயோ தெரியாது.

புருல்சா


பிஷ்கெக், செப்டம்பர் 4

அண்ணிக்கு,

பானை பற்றி எழுதியிருந்ததைப் படித்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

பதினொன்றும் முடிந்தன. ஒவ்வொன்றையும் மூன்று தடவை விட்டேன். மூன்று, ஆறு, எட்டு ஆகிய ஜாடிகளில் ஸ்ட்ரெப்டோமைசின் இருக்கிறது. அவற்றுள் ஆறில்தான் அதிகம். மற்ற ஜாடிகள் எதிலும் இல்லை. கொஞ்சமாக இருக்கிறது என்றுகூட இல்லை, எதுவுமே இல்லை.

இந்த எண்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதால்தான் ஒன்று கேட்க முடிகிறது. ஒருவர் கூட்டில் இருந்தால் அவர் போட்டார் என்று நினைக்கலாம். மூன்று பேர் கூட்டில், வேறு வேறு அளவில் இருக்கிறது. மூவரும் சேர்ந்து ஒரே மருந்தை வாங்கிப் போட்டார்களா, அல்லது மூவரின் தேனீக்களும் எங்காவது ஒரே இடத்துக்குப் போனதா? அளவு மிகவும் சிறியது. பெட்டிக்குள் வேண்டுமென்றே பொடியாகக் கொடுத்தால் இதைவிட நிறைய இருக்கும்.

எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வசந்தத்தில் பழமரத் துளிர்களும் வரும். பேரிக்காய் மரத்தில் பூவும் கிளையும் தீய்ந்தது போல் கருகும் ஒரு நோய் இருக்கிறது. அதற்குச் சிலர் இந்த மருந்தையே தண்ணீரில் கலந்து பூக்கும் சமயத்தில் தெளிக்கிறார்கள்.

மூன்று, ஆறு, எட்டு. இந்தப் பெட்டிகள் ஏப்ரலில் எங்கே நின்றன?

ஜூரா


அட்-பாஷி, செப்டம்பர் 8

ஜூரா,

நோட்டைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. பேரி என்று படித்த இடத்திலேயே. இருந்தாலும் திறந்தேன்.

மூன்று தோக்தோசுன். எட்டு அவன் மாமன் மகன். ஆறு நான். எங்கள் வீட்டுப் பெட்டிகள், என் கையெழுத்தில் ‘புருல்சா-கெரிம்பெக்’ என்று. ஷர்ஷென் பதினொன்று. அவன் தேன் சுத்தம்.

ஏப்ரலில் சூய் பள்ளத்தாக்கில் ஒரு பேரித்தோட்டக்காரன் தேனீ கேட்டான். பூவுக்குத் தேனீ வேண்டும், நமக்கு மலையில் பனி கரையும்வரை நிறுத்த இடம் வேண்டும். பேசி முடித்தது நான். யார் பெட்டியைக் கொண்டுபோவது என்று தீர்மானித்ததும் நான். தோக்தோசுனையும் அவன் மாமன் மகனையும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் பெட்டிகள் மரங்களுக்கு நடுவில் நின்றன, அவர்களுடையவை வேலியோரம். ஷர்ஷெனும் கேட்டான். “இடம் இல்லப்பா” என்றேன். இடம் இருந்தது. வெளியூர்க்காரன், நம் ஆட்கள் இருக்கும்போது அவனுக்கு எதற்கு என்று நினைத்தேன். அவன் எப்போதும் போல் குளிர்காலத்துக்குப் போன பழைய ஊர் தோக்தோகுலிலேயே இருந்துவிட்டு நேராக மலைக்கு வந்தான். நான் சேர்க்காததால் தப்பித்தான்.

தோட்டக்காரனுக்குப் போன் போட்டேன்.

“பூ இருக்கும்போது என்ன தெளிச்ச?”

“கருகல் நோய்க்குத் தெளிச்சேன். மாட்டுக்கு ஊசி போடுற மருந்துதான். விஷம் இல்லைன்னாங்க. தேனீ ஏதும் சாகலையே?”

சாகவில்லை. வசந்தத்தில் சேர்த்தது கூட்டின் மூலையில் தங்கியிருக்கிறது. ஜூலையில் எஸ்பர்செட் தேனோடு சேர்த்துப் பிழிந்திருக்கிறோம்.

இப்போது உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். எண் யாருடையது என்று இந்த ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. நீ எண் மட்டும் போடச் சொன்னது எனக்கு எவ்வளவு வசதி என்று யோசித்துப் பார்த்தேன். நோட்டில் ஒரு தாளைக் கிழித்தால் போதும். பீப்பாயை மூடிப் பூட்டி வைத்து, வருடம் சரியில்லை என்று சொல்லி, அடுத்த ஏப்ரலில் வேறு தோட்டம் பார்க்கலாம். ஷர்ஷென் எங்காவது பிழைத்துக்கொள்வான். இருபது வருடம் தனியாளாக நின்று சேர்த்த பெயர் எனக்கு. சந்தையில் துணி விரித்து அரைக்கிலோ அரைக்கிலோவாக விற்றுத் தொடங்கியவள் நான். ‘புருல்சா சொன்னால் சரி’ என்பதற்காகத்தான் ஆட்கள் என்னிடம் தேன் தருகிறார்கள்.

இரண்டு நாளாக இந்த எண்ணத்தோடுதான் ரொட்டி சுட்டேன், பால் கறந்தேன். இன்னும் தாளைக் கிழிக்கவில்லை. கிழிக்க மாட்டேன் என்றும் எழுதவில்லை.

புருல்சா


பிஷ்கெக், செப்டம்பர் 11

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. விதிப்படி அது கோப்புக்குப் போக வேண்டும். போனால் மூன்று, ஆறு, எட்டு, பதினொன்று எல்லாவற்றுக்கும் பெயர் வந்துவிடும், எவர் கேட்டாலும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். அந்தப் போன் எடுக்கிற பெண் நேற்றே, “அட்-பாஷி கடிதம் வரலையா?” என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். பதினாறு வருடத்தில் நான் இங்கே சொன்ன முதல் பொய்.

சேர்க்கட்டுமா, உங்களுக்கே திருப்பி அனுப்பிவிடட்டுமா? நீங்கள் சொல்வதுபோல் செய்கிறேன். என் அண்ணன் தேன் விஷயத்தில் நான் இப்படி உங்களைக் கேட்கவில்லை. அன்று கேட்கத் தோன்றவில்லை. இன்று ஏன் தோன்றுகிறது என்று எனக்கே விளங்கவில்லை. ஒருவேளை என் தவறை நீங்கள் கண்டுபிடித்து, அதை வைத்து என்னைக் குத்தாமல் விட்டதாலோ என்னவோ.

பதினொன்றாம் ஜாடிக்குத் தனியாக ஒரு தாள் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். கோடு தரையோடு போகிறது. எப்படி வைத்துப் பார்த்தாலும் அப்படித்தான்.

ஜூரா


அட்-பாஷி, செப்டம்பர் 17

ஜூரா,

கோப்பில் சேர். உனக்குப் பொய் வராது, ரொம்ப நாள் தாங்கமாட்டாய்.

உன் கடிதம் வந்த மறுநாளே குதிரையில் காரா-கோயுன் போனேன். ஷர்ஷென் கல்மேட்டில் உட்கார்ந்து பெட்டிகளுக்குக் குளிர்காலத் துணி தைத்துக்கொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான். தேநீர் ஊற்றினான். நான் தாளை நீட்டினேன், எல்லாவற்றையும் சொன்னேன். பேரித்தோட்டம், மூன்று, ஆறு, எட்டு. இடம் இருந்தும் இல்லை என்று சொன்னது உட்பட. கேட்டுக்கொண்டே தைத்தான்.

முடித்தபோது, “எங்க வச்சு சொன்னீங்களோ அங்க வச்சு சொல்லுங்கக்கா” என்றான். “இங்க யார் இருக்கா கேக்க? நானும் கல்லும்தான்.”

நேற்று எடை முற்றத்தில் மற்ற பத்துப் பேரையும் கூப்பிட்டேன். ஷர்ஷெனும் வந்து வாசல் கம்பத்தருகே நின்றான், உள்ளே வரவில்லை. முதலில் உன் தாளைப் படித்தேன். பிறகு என் நோட்டைப் படித்தேன். ‘ஆறு, புருல்சா’ என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு தடவை படித்தேன். கெரிம்பெக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

தோக்தோசுன்தான் முதலில் வாயைத் திறந்தான். “அப்போ என் தேனிலயும் இருக்கா?”

“இருக்கு.”

“எனக்குத் தெரியாதே.”

“அவனுக்கும்தான் தெரியாது, நீ சொல்ற வரைக்கும், அவன் டப்பாவுல மருந்து இருக்குன்னு.”

சிலர் சிரித்தார்கள். தோக்தோசுன் சிரிக்கவில்லை. பீப்பாய்கள் விற்பனைக்கு இல்லை என்றும், அடுத்த வருடத்திலிருந்து ஏப்ரலில் யார் பெட்டி எங்கே நிற்கிறது என்று எழுதித் தராமல் யார் தேனையும் வாங்க மாட்டேன், என்னுடையதையும் சேர்க்க மாட்டேன் என்றும் சொன்னேன். இரண்டு பேர் அப்போதே எழுந்து போய்விட்டார்கள். இனி என்னிடம் வருவார்களா என்று தெரியாது.

ஷர்ஷெனிடம், உன் தேனை இன்றே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தலையை ஆட்டினான்.

“தேன் வேணாங்கக்கா. அது நாரின்ல ஒரு ஆள்கிட்ட பேசிட்டேன். இந்தத் தாளைக் காட்டினேன், உடனே எடுத்துக்கிட்டான். எனக்கு இடம்தான் வேணும். ஜூன் மாசம் பெட்டி இறக்க.”

“எந்த ஓரம் வேணும், சொல்லு.”

எஸ்பர்செட் வயலைத் திரும்பிப் பார்த்தான். ஓடைப்பக்கம் காற்று வராத மேல்மூலை, வெயில் முதலில் விழுகிற இடம். இந்த ஊரில் அதைவிட நல்ல இடம் கிடையாது. இருபது வருடமாக அங்கே எங்கள் பெட்டிகள்தான்.

“அது” என்றான்.

மிச்சமிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கெரிம்பெக்கும் பார்த்தார். கொடுத்துவிட்டேன்.

புருல்சா